நீர் மக்களுடையது, ஆறு யாருடையது?

ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 1876ஆம் ஆண்டில் தனக்கென ஓர் அரசியல் யாப்பை வகுத்துக்கொண்டபோது, தனது இயற்கை நீரோடைகளில் ஓடும், எவராலும் அதுவரை கைக்கொள்ளப்படாத நீரனைத்தும் பொதுமக்களின் சொத்து என்று அதில் எழுதிவைத்தது. நூற்று மூன்று ஆண்டுகள் கழித்து, 1979இல், அதே மாநிலத்தின் உயர் நீதிமன்றம், அப்பொதுமக்களுள் சிலர் அந்நீரின் மீது தோணியிற் சென்றமை குற்றமே என்று தீர்ப்பளித்தது. நீர் அவர்களுடையதுதான், அதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் நீருக்குக் கீழே கிடந்த கல்லும் மணலும் ஒரு மாட்டுப்பண்ணைக்குச் சொந்தமானவை. ஆகவே மக்கள் தமது சொத்தின் மீது ஏறிச் சென்றபோது பிறர் சொத்திற்குள் அத்துமீறிப் பிரவேசித்தவர்களானார்கள்! சொத்துடைமைச் சமுதாயத்தின் சட்டம் எவ்வாறு சிந்திக்கின்றது என்பதை மாணவருக்கு விளக்க முனையும் ஆசிரியர் ஒருவருக்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

அவ்வழக்கின் சம்பவங்களைச் சற்று விரிவாகவே நோக்குதல் தகும். 1976ஆம் ஆண்டு யூலை மாதம் 3ஆந் திகதி, அதாவது அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனத்தின் இருநூறாவது ஆண்டு நிறைவுக்கு முதல் நாள், சிலர் கொலராடோ ஆற்றில் இறப்பர்த் தோணிகளில் மிதந்து சென்றனர். (களனி கங்கையிலே கித்துல்கலப் பக்கத்தில் இத்தகைய தோணிகள் பாறைகளிடையே பாய்ந்து செல்வதை நம்மவரிற் பலர் கண்டிருப்பர்.) அவர்கள் பொதுக் காணியொன்றிலிருந்து ஆற்றில் இறங்கியவர்கள். ஆறு ஒரு பண்ணையின் ஊடாக ஓடும் இடத்தில், பண்ணையின் ஊழியர் ஒருவர் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு முட்கம்பியை இழுத்துக் கட்டியிருந்தார். தோணிகள் நீருள் அமிழ்ந்த ஆழம் ஐந்தாறு அங்குலம் மாத்திரமே. ஆயினும் ஆழங்குறைந்த இடங்களில் அவை அவ்வப்போது ஆற்றின் அடித்தளத்தைத் தொட்டன. அந்தத் தொடுகைதான் குற்றத்தின் ஆதாரம். வழக்காளிகளும் எதிரிகளும் அவ்விடத்தில் ஆறு கப்பற் போக்குவரத்துக்கு ஏற்றதன்று என்று உடன்பட்டிருந்தனர். அதனால் ஆற்றுப்படுகை அரசுக்கன்றிக் கரைக் காணிக்காரருக்கே உரியதாயிற்று.

தீர்ப்பின் தருக்கம் வியப்புக்குரியது. நிலத்தின் மேற்பரப்பு யாருக்குச் சொந்தமோ, அவனுக்கே அதற்கு மேலுள்ள வெளியும் வானளாவச் சொந்தம் என்ற பழைய சட்டவாக்கியத்தை நீதிமன்றம் துணைக்கழைத்தது. விமானங்கள் பறக்கத் தொடங்கிய அன்றே பாதி செத்துவிட்ட வாக்கியம் இது. வானத்திற் செல்லும் பணக்காரக் கம்பனிகளின் விமானத்தைத் தடுக்க அதற்கு வலிமை இல்லை. ஆற்றில் மிதக்கும் ஒரு தோணியைத் தடுக்க மட்டும் அதற்கு உயிர் வந்துவிடுகிறது. அரசியல் யாப்பின் வாசகத்துக்கு என்ன பொருள் என்று கேட்கப்பட்டபோது, நீரை வாய்க்கால் வெட்டி எடுத்துச்செல்வோரின் உரிமையைக் காப்பதற்காகவே அது எழுதப்பட்டது, மக்கள் பொழுதுபோக்குக்காக ஆற்றைப் பயன்படுத்துவதற்காக அன்று என்று கூறப்பட்டது. இரு நீதிபதிகள் மாறுபட்டனர். பெரும்பான்மையோர், இதை மாற்ற விரும்பினால் சட்டசபை மாற்றட்டும் என்று கைகழுவினர்.

சட்டசபையோ தீர்ப்பு வருவதற்கு முன்னரே, 1977இல், அத்துமீறல் பற்றிய சட்டத்தைத் திருத்தி, அத்தகைய ஓடைகளின் கரைகளையும் படுகைகளையும் காணியின் பகுதிகளாகச் சேர்த்திருந்தது. 1983இல் மாநிலத்தின் சட்டமா அதிபர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்: படுகையையோ கரையையோ தொடாமல் மிதந்து செல்பவன் குற்றவாளி அல்லன்! ஆக, கொலராடோவில் ஒரு மனிதனின் சுதந்திரம் அவன் தோணிக்கும் கூழாங்கல்லுக்கும் இடையில் உள்ள அங்குலக் கணக்கில் நிற்கின்றது. மழை பெய்தால் அவன் பிரசை. வரட்சி வந்தால் அவன் குற்றவாளி.

இவ்விடத்தில் எம்மிடையேயுள்ள முற்போக்கு நண்பர்கள் சிலர் குறுக்கிடக்கூடும். ‘தோணிவிடுவதும் தூண்டில் போடுவதும் வசதிபடைத்தோரின் களியாட்டங்கள் அல்லவா? குடிநீருக்கும் பயிர்நீருக்கும் மக்கள் தவிக்கும் உலகில் விளையாட்டுக்கு நீர்உரிமை கேட்பது எமக்கு ஏற்ற விவகாரமா?’ என்று அவர்கள் கேட்பர். கேள்வி நேர்மையானது. எனினும் அது தவறான இடத்தில் நின்று கேட்கப்படும் கேள்வி. ஓய்வு உடையவன் ஆண்டை, ஓய்வு அற்றவன் உழைப்பாளி என்று பிரித்துவைத்ததே வர்க்கச் சமுதாயந்தான். அந்தப் பிரிவினையை இயற்கை நியதியென ஏற்றுக்கொண்டு, ‘விளையாட்டு அவர்களுடையது’ என்று நாமே எழுதிக்கொடுப்பது எவ்வகையில் முற்போக்காகும்?

தொழிலாளர் இயக்கத்தின் வரலாறு இதற்கு மாறானதையே கூறுகின்றது. எட்டு மணி நேர வேலைக்கான போராட்டம் வேலையைக் குறைக்கும் போராட்டம் மாத்திரமன்று. எஞ்சும் மணித்தியாலங்களை மனிதனுக்கு மீட்டுத்தரும் போராட்டமுமாகும். மார்க்சின் மருமகன் போல் லஃபார்க் 1880இல் சோம்பியிருக்கும் உரிமையைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆந் திகதி, மான்செஸ்டர்ப் பகுதியின் இளந்தொழிலாளர் நூற்றுக்கணக்கில் திரண்டு கின்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலத்தில் ஏறினர். பிரபுக்கள் பறவை வேட்டைக்கென அடைத்து வைத்திருந்த நிலம் அது. அவர்களை வழிநடத்திய பென்னி ரொத்மன் ஒரு கம்யூனிஸ்ட் இளைஞர். ஐவர் சிறை சென்றனர். ஞாயிற்றுக்கிழமையில் மலையில் நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்ற அவ்விளைஞர்களைப் பார்த்து, ‘வசதிபடைத்தோரின் களியாட்டம்’ என்று யார் சொல்லத் துணிவார்? 1948ஆம் ஆண்டின் சர்வதேச மனித உரிமைப் பிரகடனமும் தனது 24ஆவது உறுப்புரையில் ஓய்வையும் இளைப்பாறுதலையும் மனித உரிமைகளின் வரிசையிலே வைத்தது. அந்த உரிமையை நிறைவேற்ற ஊதியத்துடன் கூடிய விடுமுறை மட்டும் போதாது. விடுமுறை நாளில் மனிதன் போய் நிற்பதற்கு ஓர் ஆற்றங்கரை வேண்டாமா?

மேலும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கொலராடோவில் முட்கம்பி கட்டிய காணிக்காரர்கள் விளையாட்டை வெறுப்பவர்கள் அல்லர். அங்கு ஆற்றுப்படுகையைச் சொந்தமாகக் கொண்டோர் அதில் தாமே மீன்பிடிக்கலாம். கட்டணஞ் செலுத்தும் கழகங்களுக்கு அதைக் குத்தகைக்கும் விடலாம். ஆகவே சட்டம் தடைசெய்வது விளையாட்டையன்று, பணங்கொடாது விளையாடுவதையே.

இச்சட்டத்தின் வேர் எங்கே உள்ளது? இங்கிலாந்தில் ஆற்றங்கரைக் காணிக்கு உரியவனுக்கே ஆற்றுநீரில் உரிமை இருந்தது. அமெரிக்காவின் மேற்குப் பாகத்தில் தங்கம் தேடிச் சென்றோர் அம்முறையை ஏற்கவில்லை. அங்கே காணி எவருக்கும் உறுதி எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. தங்கத்தைக் கழுவ நீரைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லவும் வேண்டியிருந்தது. எனவே முந்தி எடுத்தவனுக்கே முதல் உரிமை என்ற வழக்கம் தோன்றியது. கலிபோர்ணியாவின் உயர் நீதிமன்றம் 1855இல் அவ்வழக்கத்தை ஏற்றது. கொலராடோவின் நீதிமன்றம் 1882இல் ஆற்றங்கரை உரிமையை முற்றாகவே நிராகரித்தது. இதில் ஒரு முற்போக்கு அம்சம் இருந்ததை மறுக்கவியலாது. காணியுடைமை நீருடைமையைத் தீர்மானிக்கக்கூடாது என்றும், நீரைப் பயன்படுத்துவோனுக்கே உரிமை என்றும் அது கூறிற்று. வெறுமனே பதுக்கிவைப்பவனுக்கு அங்கு இடமில்லை. ‘பயனுள்ள பயன்பாடு’ இருத்தல் வேண்டும்.

ஆனால் ‘முந்தியவன்’ யார் என்ற கணக்கு எந்த நாளில் தொடங்கியது? கொலராடோவின் மேற்குப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த யூட் மக்களிற் பெரும்பாலோர் 1881இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களின் மூதாதையர் நூற்றாண்டுகளாக அந்நீரை அருந்தியதும் அதிற் குளித்ததும் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. முந்தியவனுக்கே உரிமை என்ற கோட்பாடு, உண்மையில் முந்தியவர்களைத் துரத்திய பின்னரே எண்ணத் தொடங்கிற்று. ஒதுக்கிடங்களில் அடைக்கப்பட்ட பழங்குடியினருக்கும் நீர்உரிமை உண்டு என்பதைச் சமஷ்டி உயர் நீதிமன்றம் ஒப்புக்கொள்வதற்கு 1908ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

‘பயன்’ என்ற சொல்லின் கதையும் இத்தகையதே. நீரை ஆற்றிலிருந்து வெளியே எடுத்தாற்றான் அது பயன். ஆற்றில் ஓடும் நீர் வீண். இதுவே நெடுங்காலச் சட்ட நோக்கு. பைக்ஸ் சிகரத்துக்கு அருகே கஸ்கேட் என்னும் கோடை வாசத்தலம் ஒன்று இருந்தது. அங்குள்ள நீர்வீழ்ச்சிகளைக் காணவே மக்கள் வந்தனர். மேலேயிருந்து நீரைத் திருப்பி மின்சாரம் எடுக்க ஒரு கம்பனி முனைந்தபோது வழக்கு எழுந்தது. 1913இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் என்ன கூறியது? ஓய்வுக்கும் உடல்நலத்துக்கும் உதவும் இத்தகைய இடங்கள் பயனுள்ளவையே என்று ஒப்புக்கொண்டது. ஆயினும் அழகு என்ற ஒன்றுக்காக ஓடை முழுவதையும் நிறுத்திவைக்க மாநிலச் சட்டம் இடந்தராது என்றது. நீர்வீழ்ச்சியின் தூவானம் சுற்றியுள்ள செடிகொடிகளுக்குச் சிறந்த நீர்ப்பாசனமாக அமைகின்றதா என்று ஆராயும்படி வழக்கைத் திருப்பியனுப்பியது. அருவியே! நீ வாழவேண்டுமானால் வாய்க்காலாக வேடமிட்டு வா!

1973இல் சட்டம் சற்று இளகியது. இயற்கைச் சூழலை ‘நியாயமான அளவுக்கு’ப் பேணும் பொருட்டு ஆற்றுக்குள்ளேயே நீரை நிறுத்திவைக்கும் உரிமை, மாநில நீர்ப் பாதுகாப்புச் சபைக்கு, அச்சபைக்கு மாத்திரமே, வழங்கப்பட்டது. இது நல்ல சட்டந்தான். எனினும் அதன் பயனாக மீனுக்கு ஆற்றில் ஓரளவு நீர்உரிமை கிடைத்தது, மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

மனிதன் உள்ளே நுழைந்த வழி விசித்திரமானது. ஃபோர்ட் கொலின்ஸ் நகரம் கஷ் ல பூட்ர் ஆற்றில் தோணிகள் இறங்கிச் செல்லவும் மீன்கள் ஏறிச் செல்லவும் ஓர் அணைக்கட்டமைப்பை உருவாக்கியது. நீரை ஆற்றைவிட்டு வெளியே கொண்டுபோகாவிடினும், ஒரு கட்டமைப்பினால் அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தினாலே போதும், அதுவும் சட்டத்தின் கண்ணில் ‘திருப்புதல்’ ஆகும் என்று 1992இல் உயர் நீதிமன்றம் கூறியது. இக்கதவு திறந்ததும் கோல்டன் நகரம் உள்ளே வந்தது. 1859இல் தங்கவேட்டையோடு பிறந்த அந்நகரின் ஊடாகக் கிளியர் கிறீக் என்னும் ஆறு ஓடுகின்றது. நகரசபை ஆற்றில் பாறைகளை ஒழுங்குபடுத்திச் சுழிகளையும் அலைகளையும் உண்டாக்கித் துடுப்புத் தோணிக்காரருக்கு ஒரு களம் அமைத்தது. 1998இல் அதற்கான நீர்உரிமையையும் கோரியது. பனி உருகும் காலத்தில் விநாடிக்கு 1000 கன அடிவரை அது கேட்டது. மாநில அதிகாரிகள் எதிர்த்தனர். 2001இல் நீர்வழக்கு நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. 2003இல் உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி விலகிநிற்க, எஞ்சிய அறுவர் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்தனர். அதனால் கீழ்த் தீர்ப்பே நிலைத்தது. மக்கள் ஆற்றில் விளையாட நீர் இருக்கலாமா என்ற வினாவுக்குக் கொலராடோவின் அதியுயர் நீதிபதிகளால் விடை கூற இயலாது போயிற்று.

அதிகார வர்க்கம் சும்மா இருக்கவில்லை. 2001ஆம் ஆண்டிலேயே சட்டசபை ஒரு சட்டத்தால் இவ்வுரிமையைப் பெயரிட்டு எல்லைகட்டியது. ‘ஆற்றினுள்ளேயான பொழுதுபோக்குத் திருப்புதல்’ என்பது அதன் பெயர். எங்கும் திருப்பப்படாத நீருக்குத் திருப்புதல் என்று பெயர்! நகரசபைகளும் அவையொத்த பொதுச் சபைகளும் மட்டுமே அதைக் கோரலாம். அதுவும் ‘நியாயமான’ விளையாட்டு அனுபவத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச நீருக்கு மட்டுமே. 2006இல் மேலும் இறுக்கினர். விசேட தேவை நிரூபிக்கப்பட்டாலன்றி ஏப்ரல் முதலாந் திகதி தொடக்கம் தொழிலாளர் தினம் வரைக்குமே அவ்வுரிமை செல்லும் என்றனர். தொழிலாளர் தினம் என்பது மே தினமன்று. அதற்குப் பதிலாக அமெரிக்க அரசு 1894இல் தன் நாட்டு விடுமுறையாக்கிய செப்ரெம்பர் மாதத்து முதற் திங்கட்கிழமை. உழைப்பாளியின் பெயரிலான பண்டிகையன்றே உழைப்பாளியின் ஆற்றுரிமை முடிவடையும்படி சட்டம் வரைந்தவர்கள், நகைச்சுவை உணர்வு அற்றவர்கள் என்று சொல்வதற்கில்லை.

இவ்வுரிமைக்கு எதிராக விவசாயியின் பெயர் அடிக்கடி இழுக்கப்படுகின்றது. அது எவ்வளவு பொருந்தும்? தோணி நீரைக் குடிப்பதில்லை. களத்தைத் தாண்டிய நீர் ஒரு துளியும் குறையாமல் அடுத்த வாய்க்காலைச் சென்றடைகின்றது. அன்றியும், முந்தியவனுக்கே முதல் உரிமை என்ற அதே விதியின்படி 1998ஆம் ஆண்டின் விளையாட்டுரிமை, 1860ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட வாய்க்கால்களுக்கெல்லாம் பிந்தியது. பழைய விவசாயியிடமிருந்து அதனால் எதையும் பறிக்கவியலாது. அது தடுக்கக்கூடியது, தனக்குப் பின்னர் ஆற்றின் மேற்பகுதியில் புதிதாக நீரெடுக்க வருவோரைத்தான். மேலேயுள்ள ஊர் நாளை வளர்ந்து குடிநீர் தேடினால் என்ன செய்வது என்ற எதிர்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்த இடர்ப்பாட்டைப் பிறப்பித்தது விளையாட்டு அன்று; ஒரு நாட்டின் நீர்முழுவதையும் திகதி வரிசையில் எழுதி, முன்னே நிற்பவன் எடுத்தபின் மிஞ்சினால் பின்னே நிற்பவனுக்கு என்ற முறையே அதைப் பிறப்பித்தது. தேவைகளைப் பொதுவில் வைத்து, மக்கள் கூடித் திட்டமிட்டுப் பங்கிடும் ஏற்பாடு இருப்பின் குடிநீரும் தோணியும் ஒன்றையொன்று பகைக்க வேண்டியதில்லை.

கோல்டன் நகரத்தின் வெற்றியை அளவுக்கு மீறிப் புகழவும் நான் தயாரில்லை. நகரசபைகள் முன்வைத்த வாதங்களில் முதன்மையானது, தோணிக்காரர் வருவர், கடைகளுக்கும் விடுதிகளுக்கும் வருமானம் பெருகும் என்பதே. நீதிமன்றத்தின் செவிக்கு அந்த மொழி விளங்கிற்று. வருமானந் தராத ஆறு என்னாவது? பாறை அடுக்கிக் களம் அமைக்கப் பணமில்லாத சிற்றூரின் சிறுவர் நீந்தும் மடு என்னாவது? இச்சட்டத்தில் அவர்களுக்கு ஒரு வரியும் இல்லை. அது மட்டுமன்று. கோல்டன் பெற்றது நீருக்கான உரிமை. வேலியைத் தாண்டும் உரிமை அன்று. 1979ஆம் ஆண்டின் தீர்ப்பு அப்படியே நிற்கின்றது.

வேறு வழி இருக்கவில்லை என்று எவரும் கூறமுடியாது. கொலராடோவைப் போலவே முந்தியவனுக்கு முதல் உரிமை என்ற நீர்ச்சட்டத்தைக் கொண்ட மொன்டானா மாநிலத்தின் உயர் நீதிமன்றம், 1984இல் டியர்போர்ன், பீவர்ஹெட் ஆகிய இரு ஆறுகள் பற்றிய வழக்குகளில், படுகை யாருக்குச் சொந்தமாயினும் பொழுதுபோக்குக்கு உதவக்கூடிய நீரை மக்கள் பயன்படுத்தலாம் என்றது. மறு ஆண்டு சட்டசபை அதைச் சட்டமாக்கி, வழமையான உயர்நீர் மட்டம் வரை மக்கள் ஆற்றில் நடக்கலாம் என வரையறுத்தது. பெருஞ்செல்வர் ஒருவர் அதை உடைக்க முயன்று 2014இல் தோற்றார். நியூ மெக்சிக்கோவில் 1945ஆம் ஆண்டிலேயே மக்களின் மீன்பிடி உரிமை ஏற்கப்பட்டிருந்தது. அதனைப் பின்கதவால் அழிக்கும் வகையில், காணிக்காரர் ஓடைகளை மூடிக்கொள்ள 2017இல் ஆக்கப்பட்ட விதிகளை 2022இல் அம்மாநில உயர் நீதிமன்றம் தூக்கியெறிந்தது. ஸ்கொத்லாந்தின் 2003ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் நிலத்தோடு உள்நாட்டு நீர்நிலைகளையும் மக்களுக்குத் திறந்துவிட்டது. இங்கிலாந்தோ, கின்டர் ஸ்கௌட் வீரர்களின் பேரப்பிள்ளைகளுக்கு 2000ஆம் ஆண்டில் மேட்டுநிலத்தில் நடக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு, ஆறுகளை அச்சட்டத்துக்கு வெளியே நிறுத்தியது. யூற்றா மாநிலத்தில் நேர்ந்தது இன்னும் மோசம்: 2008இல் நீதிமன்றம் கொடுத்ததைச் சட்டசபை 2010இல் பறித்தது, 2023இல் நீதிமன்றம் அப்பறிப்பை ஏற்றது. உரிமை ஒருமுறை கிடைத்துவிட்டால் நிலைத்துவிடும் என்று எண்ணுவோர் யூற்றாவை நோக்குவார்களாக.

கொலராடோவிலும் ஒருவர் 2018இல் வழக்குத் தொடுத்தார். ஆர்கன்சோ ஆற்றில் தூண்டிலிடும் முதியவர் அவர். கரைக் காணிக்காரரின் கல்லெறிக்கு ஆளானவர். அவர் நண்பரை நோக்கித் துப்பாக்கியும் வெடித்தது. அவர் முன்வைத்த வாதம் சட்டத்தின் சொந்த இலக்கணத்திலேயே அமைந்தது. 1876இல் மாநிலம் உருவானபோது அவ்வாறு போக்குவரத்துக்குப் பயன்பட்ட ஆறாக இருந்திருப்பின், அதன் படுகை அன்றே மாநிலத்தின் வசமாகி, மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கப்பட்டிருக்கும்; காணிக்காரருக்கு அது ஒருபோதும் சென்றிராது. அக்காலத்தில் மரக்குற்றிகள் அவ்வாற்றின் வழியே மிதக்கவிடப்பட்டன என்பதை அவர் ஆதாரமாகக் காட்டினார். இவ்வாதம் சரியாயின் அதனால் இலாபம் அடையப்போவது மாநில அரசு. ஆயினும் அவரை எதிர்த்து நின்றவர்களுள் மாநில அரசும் ஒன்று. படுகை அரசுக்கு உரியதா என்று கேட்கும் தகுதி இத்தனிமனிதருக்கு இல்லை என்று அரசின் சட்டத்தரணிகளே வாதாடினர். 2023 யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அதனை ஏற்றது.

ஆறு மக்களுடையதா என்ற கேள்விக்கு அத்தீர்ப்பு விடையளிக்கவில்லை. அதைக் கேட்பதற்கு மக்களில் ஒருவருக்கு உரிமையில்லை என்று மட்டும் அது தீர்மானித்தது. கேட்கக்கூடிய மாநில அரசோ, தனது சொத்தாக இருக்கக்கூடிய ஆற்றுப்படுகையைத் தனதென்று கோராமல் நின்றது.